சந்தியாகு வண்டும் ஒரு ஃபிளெக்ஸ் பேனரும்

நம் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு என் பணி அனுபவத்தைக் கொஞ்சம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் இப்படிக் கேட்பது ஆபத்து. ஒன்று, நிறுத்த மாட்டாள். இன்னொன்று, உண்மையைச் சொல்லிவிடுவாள். மைக்ரோஸ்கோப்பை எப்படித் துடைப்பது, வண்டின் முதுகில் ஊசியை எந்தப் பக்கம் குத்துவது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் யூடியூபில் இருக்கிறது. ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கையில் மைக்கைக் கொடுத்து, “இது என்ன?” என்று ஒருவர் கேட்டால் என்ன செய்வது என்பது அங்கே இருக்காது. அதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நம் தொழிலில் உள்ள ஒரு சங்கடத்தைப் பேசிவிடுவோம். கோடை மழை பெய்த மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் விளக்கைச் சுற்றி வந்து, கடைசியில் சாம்பார் கிண்ணத்தில் விழுமே, அந்தப் பழுப்பு வண்டு உங்களுக்குத் தெரியும். அதில் ஏகப்பட்ட இனங்கள் உண்டு. ஆனால் வெளியே பார்த்தால் எல்லாம் வறுத்த புளியங்கொட்டை மாதிரி ஒரே அச்சு. தலையைப் பார், காலைப் பார், இறக்கை மூடியில் ஓடும் கோட்டைப் பார், ஒன்றும் பிடிபடாது. வித்தியாசம் ஆண் வண்டின் வயிற்றுக்குள்ளே இருக்கிறது. அதன் இனப்பெருக்க உறுப்பை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து லென்ஸுக்கு அடியில் வைத்தால்தான் எது எந்த இனம் என்று சொல்ல முடியும். சம்பளம் வாங்கிய காலமெல்லாம் நான் பார்த்தது இதைத்தான். வடுகபட்டியில் என் மாமியாரிடம், “மருமக என்ன வேல பாக்குறாக?” என்று யாராவது கேட்டால், “பூச்சி டாக்டரு” என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். எந்தப் பாகத்துக்கு டாக்டர் என்று யாரும் கேட்காததால் குடும்ப மானம் தப்பியது.

இனிக் கதைக்கு வருகிறேன். கம்பம் பள்ளத்தாக்கில் மலையடிவாரத்தை ஒட்டி ஒரு ஊர். பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும். பல தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாழும் ஊர். திராட்சைப் பந்தல்கள் வரிசையாகப் போய் மலைக்கு முன்னால் ஒரு முள்காட்டில் முட்டி நிற்கும். கிலுவையும் சூரையும் உசிலையும் மண்டிக் கிடக்கும் அந்த இடம் யாரோ விட்டுவிட்ட புறம்போக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். அருளப்பன் என்ற திராட்சை விவசாயிதான், “அது எங்கய்யா காடு டீச்சரம்மா” என்றார்.

அவருடைய அப்பா சந்தியாகு, உயிரோடு இருந்தவரை அந்தக் காட்டில் அரிவாளை வைக்க விடவில்லை. சுற்றியிருந்த எல்லோரும் பந்தல் போட்டுக் காசு பார்த்தபோது, “எல்லாத்தையும் நாமளே தின்னுட்டா எப்பிடி?” என்று சொல்லிச் சும்மா போட்டு வைத்தார். ஊர் அவருக்கு ‘முள்ளுக்காட்டு ஜமீன்’ என்று பட்டம் கொடுத்தது. அவர் போன பிறகு மூத்த மகன் சவரிமுத்துவுக்குப் பொறுமை போய்விட்டது. கால்நடை ஆஸ்பத்திரியில் மாடுகளுக்குச் சினை ஊசி போட்டு ஓய்வு பெற்றவர் அவர். திருவிழா முடிந்ததும் காட்டை அழித்துப் பந்தல் போடுவது என்று முடிவு செய்து ஜேசிபிக்கும் சொல்லிவிட்டார். அருளப்பன் ஒருவர்தான் வேண்டாம் என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் பேச்சை மீறிப் பழக்கமில்லாத மனிதர். அவரிடம் இருந்தது பிடிவாதம் மட்டும்தான். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

காரணத்தை நாங்கள் கண்டுபிடித்துக் கொடுத்தோம். அப்போது என்னோடு வேலை பார்த்த இளம் உதவிப் பேராசிரியர் பாண்டி. வண்டு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவனுக்கு. அந்த முள்காட்டின் ஓரத்தில் இரவில் வெள்ளை வேட்டியைத் திரை போலக் கட்டி, முன்னால் விளக்கு வைத்தோம். வந்து விழுந்த பழுப்பு வண்டுகளை அள்ளி வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததில், பாண்டி ஒரு ஆண் வண்டின் உறுப்பை லென்ஸில் வைத்துவிட்டு வாயைத் திறந்தபடி உட்கார்ந்துவிட்டான். நண்டுக் கொடுக்கு போல இரண்டு கிளை. இடது கிளை நீண்டு, நுனி பிளந்து, உள்ளே வளைந்திருந்தது. வலது கிளை குட்டையாகப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு வளைவு எந்தப் புத்தகத்திலும் இல்லை, எந்த மியூசியத்துப் பெட்டியிலும் இல்லை. புதிய இனம். பக்கத்துத் தோட்டங்களிலும் மலை ஓரத்திலும் தேடினோம். அய்யா காட்டைத் தவிர வேறெங்கும் அது கிடைக்கவில்லை.

புதிய இனத்துக்குச் சந்தியாகுவின் பெயரையே வைத்தோம். சேதி சொன்னபோது அருளப்பன் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“எங்கய்யா பேரயா? ஊரே சிரிச்ச மனுசன் டீச்சரம்மா அவரு. இனி அண்ணன் வெட்டுவானா? அய்யா பேரு இருக்க எடத்துல கைய வைப்பானா?”

அறிவியல் ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு தம்பி அண்ணன் முன்னால் நிமிர்ந்து நிற்க ஒரு வண்டு கிடைத்ததே என்று சந்தோஷமாக இருந்தது. எந்த உறுப்பை வைத்து இனத்தைப் பிரித்தோம் என்று அவர் கேட்டதற்கு, “வயித்துக்குள்ள இருக்கிற ஒரு உறுப்பு” என்று சொல்லியிருந்தோம். அதில் பொய் ஒன்றும் இல்லை.

திருவிழாவில் ஊர் கூடும்போது சேதியை அறிவித்து, அண்ணன் வாயை ஊர் முன்னாலேயே கட்டிவிட வேண்டும் என்பது அருளப்பனின் திட்டம். நம் ஊரில் அறிவிப்பு என்றால் ஃபிளெக்ஸ் இல்லாமல் உண்டா? பாண்டிக்கு ஃபோன் போட்டார். “தம்பி, அந்த வண்டு படத்துல எது ரொம்ப முக்கியமோ அத அனுப்பிவிடுங்க. ஃபிளெக்ஸு அடிக்கணும்.”

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உலகத்தில் வேறு எந்தத் தொழில் பார்க்கிறவனும் முழு வண்டின் படத்தைத்தான் அனுப்பியிருப்பான். ஆனால் பாண்டி நம் ஆள். எது ரொம்ப முக்கியம் என்று கேட்டால் நம் ஆளுக்கு ஒரே பதில்தான். அவன் பார்த்துப் பார்த்து வரைந்து வண்ணம் தீட்டிய அந்த உறுப்பின் படத்தை வாட்ஸப்பில் தட்டிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு டீ குடிக்கப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். நீங்களும் அதைத்தான் அனுப்பியிருப்பீர்கள். பதிலுக்கு அருளப்பனிடமிருந்து கும்பிடு போடும் கைகள் வரிசையாக வந்தன.

திருவிழாவுக்கு எங்களை அழைத்திருந்தார்கள். தேனியிலிருந்து பஸ் ஏறிப் போய், ஊர் வளைவில் இறங்கி, கோயில் வாசல் மேடை வரை நடந்து போய் நிமிர்ந்து பார்த்தோம். இரண்டு ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ். ஒரு பக்கம் வெள்ளைச் சட்டையும் கூப்பிய கையுமாக அமரர் சந்தியாகு. மறுபக்கம் அவருக்குச் சமமான உயரத்தில், பின்னால் தங்கக் கதிர்கள் வீச, பாண்டி வரைந்த உறுப்பு. நடுவில் ‘உலக அரங்கில் நம் ஊர்!’ என்று கொட்டை எழுத்து. ஃபிளெக்ஸ் கடைக்காரர் ரசனையுள்ளவர். வண்டின் தலை என்று நினைத்திருக்கிறார் போல. தலையில் கண் இல்லாதது அவருக்கு உறுத்தியிருக்கிறது. இமை மயிரோடு இரண்டு கண்களை வரைந்து சேர்த்திருந்தார்.

“மேடம், அது வந்து...” என்றான் பாண்டி.

“தெரியுது.”

“கண்ணு வச்சிருக்காக மேடம்.”

“அதுவும் தெரியுது.”

யாரோ அதற்கு ஒரு சம்பங்கி மாலை வேறு சாத்தியிருந்தார்கள். சின்னப் பெண்கள் இருவர் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். ஒரு அம்மா இடுப்புக் குழந்தைக்கு, “பாரு, வண்டு உன்னயவே பாக்குது” என்று வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தார். நான் சிரித்துவிட்டேன். பாண்டிக்கு வியர்த்துக்கொட்டியது.

“தலைன்னே விட்டுருவோம் மேடம். யாருக்குத் தெரியப்போகுது?” என்றான்.

எனக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. ஆனால் இந்த வண்டைப் பற்றிய எங்கள் ஆய்வுக் கட்டுரை அதே படத்தோடு வெளிவந்துவிட்டது. ஃபோன் வைத்திருக்கும் யாரும் அதைத் திறந்து பார்க்கலாம். இன்று தலை என்று சொல்லி, அடுத்த வாரம் எவனாவது ஒருவன் டீக்கடையில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னால், ‘முள்ளுக்காட்டு ஜமீன்’ என்ற பட்டம் போய் அதைவிட மோசமான ஒன்று சந்தியாகுவுக்கு வந்து சேரும். அப்புறம் அருளப்பன் அந்தக் காட்டைப் பற்றி வாயே திறக்க முடியாது. சரி, அருளப்பனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று தேடினேன். அவர் புது வேட்டி கட்டி, வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஃபிளெக்ஸைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

அதற்குள் சவரிமுத்து என் பக்கத்தில் வந்து நின்றார். ஃபிளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். கையை நீட்டி, தள்ளி நின்றபடியே அந்த இரண்டு கண்களையும் விரல்களால் மறைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“கண்ண எடுத்துட்டுப் பாத்தா வேற என்னமோ மாதிரில்ல தெரியுது, டீச்சரம்மா?”

வாழ்க்கையை மாட்டாஸ்பத்திரியில் கழித்த மனிதர். மீசைக்குள் சிரித்துக்கொண்டே போய் முன்வரிசை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

பூசை முடிந்து, கோயில் வாசல் மேடையில் பங்குச் சாமியார் சேதியை அறிவித்தார். கைதட்டல் அடங்கியதும், “பேராசிரியை அம்மா இந்த வண்டைப் பற்றி நாலு வார்த்தை சொல்வார்கள்” என்று மைக்கை என்னிடம் கொடுத்தார். நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் முன்வரிசையிலிருந்து சவரிமுத்துவின் குரல் வந்தது.

“அந்தப் படத்துல இருக்கது வண்டோட எந்தப் பாகம்னு மொதல்ல சொல்லுங்க. சனங்க தெரிஞ்சுக்கிரட்டும்.”

சாமியார் ஆர்வமாக என் பக்கம் திரும்பினார். மேடை ஓரத்தில் அருளப்பன் பூரித்துப்போய் நின்றார். பாண்டி செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது இதுதான்: சவரிமுத்துவுக்குத் தேவை ஒரு சிரிப்பு. மறைத்து வைத்ததை அவர் பிடுங்கிப் போட்டால் அந்தச் சிரிப்பு அவர் கைக்குப் போய்விடும். நானே எடுத்து வைத்தால் என்ன ஆகும் என்று தெரியாது. தெரியாத வழியில்தான் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

“அது தலை இல்லை,” என்றேன். “அந்தக் கண்ணு ரெண்டும் ஃபிளெக்ஸ் கடையில வச்சது. நம்ம வண்டுக்கு அங்கன கண்ணு கிடையாது. இது ஆம்பள வண்டோட வயித்துக்குள்ள இருக்கிற உறுப்பு. வம்சத்த விருத்தி பண்ற உறுப்பு.”

மைக் ஒரு முறை கீச்சிட்டது. பாதியில் விட்டால் ஆபத்து; தொடர்ந்து பேசினேன். “வெளிய பாத்தா எல்லா வண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். இதப் பாத்துத்தான் அடையாளம் சொல்ல முடியும். அந்த நீளமான பக்கத்தப் பாருங்க, நுனி பிளந்து உள்ள வளைஞ்சிருக்கு. இந்த வளைவு ஒலகத்துல வேற எந்த வண்டுக்கும் இருக்கிறதா நாங்க பாக்கல. இந்த வண்டு அய்யா காட்டத் தவிர வேற எங்கனயும் கிடைக்கவும் இல்ல. காட்ட எடுத்தா இந்த வம்சமும் அதோட போயிரும்.”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்து உடனே அடங்கியது. அருளப்பனின் அக்கா மரியபுஷ்பம், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அருளப்பனைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்க்காமல் ஃபிளெக்ஸையும் பார்க்காமல், அண்ணனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சவரிமுத்து எழுந்தார். “அப்ப எங்கய்யா பேர இதுக்கா வச்சிருக்கீக?”

“வண்டுக்குத்தான் வச்சிருக்கோம். ஆனா இது சந்தியாகு வண்டுதானான்னு ஒலகத்துல எவன் பாக்கணும்னாலும், இதத்தான் பாக்கணும்.”

அவர் மெதுவாக மேடைக்கு ஏறி வந்தார். என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். அப்பாவின் படத்தைப் பார்த்தார், பக்கத்திலிருந்ததைப் பார்த்தார், மறுபடியும் அப்பாவைப் பார்த்தார்.

“சாமி மன்னிக்கணும்,” என்று ஆரம்பித்தார். “எங்கய்யாவுக்கு நாங்க பதினோரு பிள்ளைக. டீச்சரம்மா ஆளப் பத்தி நல்லா விசாரிச்சுத்தான் பேரு வச்சிருக்காக.”

ஊர் வெடித்தது. கிழவர்கள் நாற்காலியில் அடித்துச் சிரித்தார்கள். சாமியார் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. சவரிமுத்துவுக்குச் சிரிப்பிலேயே கண்ணில் நீர் வந்துவிட்டது. அதைத் துடைக்காமல் தம்பி பக்கம் திரும்பினார்.

“ஏலே அருளு, ஜேசிபிக்காரன வர வேணாம்னு சொல்லிரு. அய்யா அங்கன இம்புட்டு மும்முரமா இருக்கைல நாம போயி தொந்தரவு பண்ணக்கூடாது.”

அருளப்பன் ஓடி வந்து அண்ணனைக் கட்டிக்கொண்டார். அந்தக் காட்டில் இதுவரை ஒரு செடியைக்கூட யாரும் வெட்டவில்லை. ஃபிளெக்ஸைக்கூட யாரும் கழற்றவில்லை, வெயிலில் வெளுத்துத் தானாகக் கிழியும் வரை நின்றது. கடைசி வரைக்கும் போகாமல் இருந்தது அந்தக் கண்கள்தான் என்று பாண்டி சொல்வான்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? படம் அனுப்பினால் கீழே பெயர் எழுதி அனுப்புங்கள், அது ஒன்று. இன்னொன்று, நீங்கள் மாதக்கணக்கில் குனிந்து பார்த்ததை வெளியே சொல்லக் கூச்சப்படாதீர்கள். கூச்சப்பட்டு மூடினால்தான் அது அசிங்கமாகத் தெரியும். ஊர்க்காரர்கள் ஆடு மாடோடு பிழைப்பவர்கள், நம்மைவிட விவரமானவர்கள். பதறிப்போனது படித்த நாங்கள் இரண்டு பேர்தான்.

இதோடு முடித்திருந்தால் நான் ஜெயித்த கதையாக இருந்திருக்கும். அப்படி முடிய விடவில்லை மரியபுஷ்பம்.

மேடையை விட்டு இறங்கி அசனப் பந்தியில் உட்கார்ந்தோம். ஊர் மொத்தமும் கூடிச் சாப்பிடும் சாப்பாடு. மரியபுஷ்பம் குழம்பு வாளியோடு வரிசையில் வந்தவர், என் இலைக்கு முன்னால் நின்றார்.

“நல்லாப் பேசுனீக டீச்சர். ஒண்ணு கேக்கட்டா? பதினொண்ணையும் பெத்தது எங்காத்தா. பேரு மட்டும் அய்யாவுக்கா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “பொம்பள வண்டு இருக்குமில்ல? அதப் பாத்தீகளா?” என்றார்.

“பாத்தோம். விளக்குக்கு வந்து விழுந்ததுல பாதி பொம்பள வண்டுதான்.”

“அதுகளுக்கு வம்சம் கண்டுபிடிக்க ஒண்ணும் இல்லையா?”

“இருக்கலாம். அது எங்கன இருக்குன்னு யாரும் சரியாப் பாக்கல.”

“ஏன்?”

ஆணை வைத்தே பிரித்துவிடலாம் என்பதால் பெண்ணைப் பார்க்கத் தேவை வரவில்லை, அதுதான் எங்கள் வழக்கம் என்று ஒரு பெண்ணிடம் இன்னொரு பெண் எப்படிச் சொல்வது? சோற்றைப் பிசைந்தேன். அவர் என் இலையில் குழம்பை ஊற்றிவிட்டு, “கறி கெடக்கு, பாத்துச் சாப்பிடுங்க” என்று அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

நம் துறையின் இரும்பு அலமாரியில், கீழ்த்தட்டில், மூன்று பெரிய பெட்டிகள் இருக்கின்றன. ‘பெண், இனம் தெரியவில்லை’ என்று எழுதி ஒட்டியிருக்கும். எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஆரம்பித்தது. அதில் நானும் போட்டேன், இப்போது பாண்டியும் போடுகிறான். அய்யா காட்டுப் பெண் வண்டுகளும் அதில்தான் கிடக்கின்றன. உங்களில் யாராவது அவற்றை எடுத்து லென்ஸுக்கு அடியில் வையுங்கள். பெண்ணைப் பார்த்தே பிரிக்க வேண்டிய புது இனம் ஒன்று அதற்குள் இருந்தால், பெயருக்கு நீங்கள் அலைய வேண்டாம். பந்தியிலிருந்து எழுந்து கை கழுவப் போனபோது மரியபுஷ்பத்திடம் கேட்டுக்கொண்டேன். அவருடைய அம்மா பெயர் சூசையம்மாள்.